கோழி லாரிகள் நின்ற மத்தியானம்

இப்போதெல்லாம் ஒருத்தன் மாட்டிக்கொண்டால் போதும், சுற்றி இருக்கிறவனுக்கெல்லாம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நேரம் வந்துவிடுகிறது. முந்தியும்தான் வண்டி சேற்றில் இறங்கினால் நாலு பேர் கூடுவார்கள். வாய் நிறையத் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே தள்ளியும் விடுவார்கள். இப்போது தள்ளுகிறவன் கிடையாது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இறங்காதா என்று பார்க்கிறான். ஹாரன் கிழவர் தினமும் யாரிடமாவது சொல்லித் தீர்க்கிற பேச்சு இது. ஆள் கிடைக்காத நாளில் ஆலை வாசலில் நிற்கும் கேட்காரரிடம் சொல்வார். கேட்காரர் தலையைத் தலையை ஆட்டுவார். கிழவர் பேச்சுக்கா, காதில் செருகியிருக்கும் பாட்டுக்கா என்று தெரியாது.

கிழவர் லாரி ஓட்டிப் பிழைத்தவர். ஒரு தடவை வண்டியில் ஹாரன் கெட்டுப்போக, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தானே கத்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாராம். அன்றைக்கு ஒட்டிய பேர். பிறகு இடது கண்ணில் பூ விழுந்தது, பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாள், அவரும் ஒரு தகரப் பெட்டியோடு மகள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த கட்டில், மாப்பிள்ளை வீட்டுச் சோறு. பதிலுக்கு மத்தியானம் இரண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது கிழவர் வேலை.

மகளும் மாப்பிள்ளையும் வேலை பார்ப்பது கோழி ஆலையின் எடைமேடையில். பண்ணைகளிலிருந்து கூண்டு கூண்டாக உயிர்க்கோழி ஏற்றிவரும் லாரி முதலில் அந்த இரும்பு மேடையில் ஏறி நிற்க வேண்டும். பக்கத்துக் கண்ணாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் எடையை வாங்கிச் சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டு இருந்தால்தான் கொட்டகைக் கதவு திறக்கும். சீட்டு அடிக்கிற ப்ரோக்ராமை உட்கார்ந்து எழுதியது மகள். எழுதியவளுக்கு ஆலை கொடுத்த பேர் ஆப்பரேட்டர். ‘சிஸ்டம் இன்சார்ஜ்’ என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டிருப்பது மாப்பிள்ளை.

போன மாசம் ஒரு நாள் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணி லாரிகள் நின்றுவிட்டன. முதலாளி வந்து இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொல்லிவிட்டுப் போனார்: “இன்னொரு தடவை என் வாசல்ல கோழி வண்டி நின்னுதுன்னா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக்கு. யாருன்னு நீங்களே பேசி வச்சுக்கோங்க.”

பேசி வைத்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டார்கள். கிழவர் சிரிக்கவில்லை.

இந்த மாசம் ஒரு மத்தியானம் அவர் சாப்பாட்டுத் தூக்கோடு ஆலை வளைவில் திரும்பும்போதே நாற்றம் வந்து முகத்தில் அடித்தது. ஓடுகிற வண்டியில் இருக்கும் கோழிக்கு ஒரு நாற்றம், நிற்கிற வண்டியில் இருப்பதற்கு வேறு நாற்றம். இது நின்ற நாற்றம். சாலையோரம் பார்த்தால் வளைவு வரைக்கும் லாரிகள். வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கூண்டுகளுக்குள் கோழிகள் அலகைத் திறந்து வைத்தபடி, கத்தக்கூடத் தெம்பில்லாமல், ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து கிடந்தன. கிளீனர்கள் வாளியில் தண்ணீர் மொண்டு வீசினார்கள். கூண்டுக் கம்பியில் பட்டதும் ஆவி பறந்தது.

“என்ன பெருசு, பொண்ணுக்குச் சோறா?” முதல் வண்டி டிரைவர் கேட்டான். மீசையைத் தவிர முகத்தில் வேறெதையும் கவனிக்க முடியாத ஆள். “நல்லா ஊட்டி விடுங்க. மேடம் காலையிலேருந்து உள்ள தவம் கிடக்கறாங்க.”

“வண்டி ஏன்யா நிக்குது?”

“மேடை போர்டைப் பாருங்க. எடை நம்பர் எரியுதா? உங்க பூ விழுந்த கண்ணுக்கே தெரியுதுல்ல? என் கண்ணுக்குத் தெரியுது, செத்த கோழி கண்ணுக்கும் தெரியுது. அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியலையாம்.”

“கையால எழுதிக் கொடுக்கச் சொல்றதுதானே?”

“எழுதினா செல்லாதாம். முன்னாடி இருந்தவன் எழுதி எழுதியே வீடு கட்டிட்டான்ல, அதுலேருந்து முதலாளி ஆர்டர்.” மீசை ஒரு கூண்டுக்குள் கையை விட்டு ஒன்றை வெளியே இழுத்தான். கழுத்து துவண்டு தொங்கியது. “இது என் தலையில. செத்ததுக்கெல்லாம் டிரைவர்தான் பொறுப்பு. உங்களுக்குத் தெரியாததா?”

கிழவருக்குத் தெரியாததில்லை. அவரும் கோழி ஏற்றியிருக்கிறார்.

கண்ணாடி அறைக்குள் ஒரு மின்விசிறி சூட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், முதுகெல்லாம் ஈரம். மாப்பிள்ளை அவள் பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“காலையில கரண்ட் போய் வந்துச்சு மாமா. அதுலேருந்து இப்படி.”

“கரண்ட் போனா ஃபேன்தான் நிக்கும். தராசு ஏன் நிக்குது?”

“தராசு நிக்கலப்பா,” என்றாள் மகள், திரும்பாமலே. “தராசு பேசுது. இந்த ப்ரோக்ராம் எழுதின மொழிக்குத் தராசு பேசறதைக் கேக்கத் தெரியாது. அதுக்குன்னு காது மாதிரி ஒரு துண்டு தனியா மாட்டணும். எக்ஸ்டென்ஷன்னு பேரு. ப்ரோக்ராம் எழுந்திரிக்கும்போது அதையும் ஏத்திக்கணும். இன்னிக்கு ஏற மாட்டேங்குது.”

“காது இல்லாத சனியனுக்கு எதுக்கு எடை போடற வேலை?”

அவள் ப்ரோக்ராமை மறுபடி ஓட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. ஏற்ற முடியவில்லை என்று சொன்னது. துண்டு வேறு வெர்ஷனுக்கானது என்றும் சொன்னது.

“நேத்து சாயங்காலம் இவ அந்தத் துண்டைப் புதுசு மாத்தினா மாமா,” என்றார் மாப்பிள்ளை. “நான் அப்பவே சொன்னேன். ஓடறதை எதுக்கு நோண்டறேன்னு. நம்ம பேச்சை யாரு கேக்கறா?”

“மாத்தினப்புறம் கடைசி லாரி வரைக்கும் சீட்டு வந்துச்சே.”

“அப்போ இன்னிக்கு ஏன் வரல?”

“அதான் தெரியலன்னு சொல்றேன்ல? பழைய துண்டையே திரும்ப வச்சும் பாத்துட்டேன். அதுவும் ஏறல. ரெண்டும் ஏறலன்னா தப்பு துண்டுல இல்ல.”

“உன்கிட்டதான் தப்பு.”

கிழவர் தூக்கை மேஜையில் வைத்தார். மகள் பக்கம் பேசலாமா என்று ஒரு நொடி வாய் வரை வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் யார் சொல்வதையும் அவர் நம்புவதில்லை, மகள் சொல்வதையும் சேர்த்து. “மாப்பிள்ளை சொல்றதையும்தான் கேளேன். எதையாவது தொட்டு வச்சிருப்பே. சின்ன வயசுலேயே ரேடியோவைக் கழட்டிப் போட்டவதானே நீ,” என்றார்.

மகள் சட்டென்று திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரைக்கே திரும்பிக்கொண்டாள்.

அவள் திரையில் கருப்பாக ஒரு ஜன்னலைத் திறந்தாள். அதில் ஏதோ தட்டினாள். எடை, மேடையில் நின்ற மீசையின் லாரி எடை, அதில் எழுத்தாக வந்து விழுந்தது. “இங்க பாருங்க! இதுல ஏறுது. எடை சொல்லுது. அதே துண்டு, அதே மிஷின். நான் கேட்டா சொல்லுது, ப்ரோக்ராம் கேட்டா சொல்ல மாட்டேங்குது.”

“உனக்கு மட்டும் சொல்லி என்ன பண்றது? சீட்டை நீ வாயில அடிச்சுக் கொடுக்கப் போறியா?” என்றார் மாப்பிள்ளை.

வெளியே பொத்தென்று சத்தம். மீசை, செத்த கோழிகளைக் கொண்டுவந்து அறை வாசற்படியில் போட்டிருந்தான். பின்வண்டிக்காரனும் நான்கைந்து கொண்டுவந்தான். ஒருவன் போனைக் கண்ணாடிக்கு ஒட்டி வைத்து உள்ளே படம் பிடித்தான்.

“மேடம், உங்களுக்குத்தான்! ராத்திரிச் சமையலுக்கு எடுத்துட்டுப் போங்க!”

“இந்தப் பக்கம் பாருங்க மேடம், முகம் தெரியல!”

“அழுவுதா? அழுதா நல்லா இருக்கும், கொஞ்சம் கிட்ட எடு!”

மாப்பிள்ளை போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. கிழவர் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

“டேய், ஒரு பொம்பளையைச் சுத்தி நின்னு படம் பிடிக்கறீங்களே, வெக்கமா இல்ல?”

“ஹாரன் அடிக்குதுடா, ஓரமா ஒதுங்கு!” என்று எவனோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மீசை சிரிக்கவில்லை. கிட்டே வந்தான். “பெருசு, உம்ம வண்டியில கோழி செத்தப்போ நீர் என்ன பண்ணினீரு? சீட்டுக்காரன் சட்டையைப் பிடிச்சீரா இல்லையா? ஊருக்கே தெரிஞ்ச கதை. இப்ப உம்ம பொண்ணுன்னதும் வெக்கமா?”

கிழவர் தலையைக் குனிந்தார். காலடியில் கிடந்த கோழிகளில் ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. இமை மேலும் கீழும் போய் வந்தது. மீசை செருப்புக் காலால் அதன் கழுத்தை மிதித்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காலை எடுத்தான்.

கிழவர் உள்ளே வந்தபோது மாப்பிள்ளை தூக்கைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, ஆளுக்கு ஒரு முட்டை. அவர் குரல் இப்போது மெத்தென்று இருந்தது.

“நீ எழுந்து போய்ச் சாப்பிடும்மா. முகம் கழுவிட்டு அந்தப் பக்கம் நிழல்ல உக்காரு. அஞ்சு நிமிஷம் நான் பாக்கறேன்.”

“வேணாங்க.”

“சொன்னாக் கேளு. மயக்கம் போட்டு விழுந்துடப் போறே.”

“கண்டுபிடிச்சுட்டு எழுந்திரிக்கறேன். நான் எழுதினதுங்க, எனக்குத் தெரியாதா?”

“இவ்வளவு சொல்றாரே,” என்றார் கிழவர். “எழுந்திரியேன். உனக்கு எதுக்கு இந்த வீம்பு?”

அவள் எழுந்திருக்கவில்லை. திரையில் ஒவ்வொரு இடமாகத் திறந்து திறந்து பார்த்தாள். “டி டிரைவ்ல என்ன வச்சிருக்கீங்க? போன வாரம் பார்த்தப்போ இவ்வளவு நிறையலயே.”

மாப்பிள்ளையின் வாயில் முட்டை இருந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: “என் பழைய போட்டோ. நம்ம கல்யாணத்துது. அங்க ஒண்ணும் இல்ல, நேரத்தை வீணாக்காத.”

அவள் அதை மூடிவிட்டாள். கல்யாண போட்டோ என்றதும் அந்த நெருக்கடியிலும் முகத்தில் லேசாக ஒன்று வந்து போனது. கிழவர் அதைப் பார்த்தார். அவருக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை.

வெளியே லாரிகள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஒருவன் கையை எடுத்தால் இன்னொருவன். கண்ணாடி அதிர்ந்தது. தன் வாழ்நாளில் இத்தனை ஹாரன் அடித்த கிழவருக்கு, உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் காதைப் பொத்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சிவப்பு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

“வேற வெர்ஷன்... வேற வெர்ஷன்னு சொல்லுது. நான் மொழியோட வெர்ஷனை மாத்தவே இல்லையே. கருப்பு ஜன்னல்ல கேட்டா பழைய வெர்ஷன்தான்னு சொல்லுது...” சட்டென்று நிமிர்ந்தாள். “கருப்பு ஜன்னல் என்னோடது. அது எப்பவும் பழைய இடத்துக்கே போற மாதிரி நானே செஞ்சு வச்சது. நான் காலையிலேருந்து தப்பான ஆளைக் கேட்டுட்டிருக்கேன். ப்ரோக்ராமைத்தானே கேட்டிருக்கணும்?”

“யாரை?” என்றார் கிழவர்.

“நீ எந்த வீட்டுலடா இருக்கேன்னு அதையே கேக்கப்போறேன்.”

மாப்பிள்ளை கையைக் கழுவாமல் எழுந்தார். “இரு இரு, அதைத் தொடாத. நான் பண்றேன், தள்ளு...”

அதற்குள் அவள் ப்ரோக்ராமின் தலையில் ஒரு வரி எழுதி ஓட்டிவிட்டாள். திரை பதில் சொன்னது. எந்த இடத்திலிருந்து ஓடுகிறேன், என்ன வெர்ஷன், எல்லாம் சொன்னது. டி டிரைவ். அதில் ஓர் ஃபோல்டர், அறை மாதிரி. அறைக்குப் பேர், இந்தச் சாலையின் அந்தக் கோடியில் இருக்கும் இன்னொரு கோழி ஆலையின் பேர். முதலாளிக்குக் காதில் விழுந்தாலே ரத்தம் கொதிக்கிற பேர்.

அவள் அறையைத் திறந்தாள். உள்ளே மொழியின் புது வெர்ஷன் ஒன்று தனியாக ஏற்றப்பட்டிருந்தது. பக்கத்திலேயே அவள் எழுதிய எடை ப்ரோக்ராம், அப்படியே, ஒரு எழுத்து மாறாமல். மேலே இருந்த ஆலைப் பேர் மட்டும் மாறியிருந்தது. கல்யாண போட்டோ ஒன்றுகூட இல்லை.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“இங்க உக்காந்துக்கிட்டே அவங்களுக்குப் பண்ணிக் கொடுத்தீங்களா?” அவள் குரல் தாழ்ந்திருந்தது. “என்னோடதை?”

“சத்தம் போடாத.”

“புது வெர்ஷனை ஏத்தும்போது அதையே முன்னாடி நிக்க வச்சுட்டீங்க. கரண்ட் போய் வந்ததும் ப்ரோக்ராம் உங்க வீட்டுக்குப் போயிடுச்சு. நான் என் வீட்டுப் பூட்டைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும். டி-யில ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க.”

மாப்பிள்ளையின் எச்சில் கை அவள் கைமேல், மவுஸோடு சேர்த்து, அழுந்தி உட்கார்ந்தது. கிழவரைப் பார்த்தார். கிழவர் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார். திரும்பியிருந்தால் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, மாப்பிள்ளை குரலைக் கொஞ்சம்தான் இறக்கினார்.

“முதலாளி வந்துட்டிருக்காரு. இது வெளிய போனா நான் மட்டும் போக மாட்டேன். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து திருடினோம்னு ரெண்டு பேரையும் துரத்துவான். அப்புறம் வீட்டு வாடகை? பின்னறையில படுத்திருக்காரே உங்கப்பன், அவருக்கு யாரு சோறு போடுவா? நீயா? யோசிச்சுப் பேசு.”

மகள் யோசித்தாள். கிழவரின் முதுகைப் பார்த்தபடிதான் யோசித்திருக்க வேண்டும், அவருக்கு முதுகு எரிந்தது. பிறகு கையை மெல்ல உருவிக்கொண்டாள். பழைய வெர்ஷனை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். டி டிரைவில் இருந்த அறையை அழித்தாள். ப்ரோக்ராமை எழுப்பினாள். சிவப்பு வரி வரவில்லை. அச்சு மிஷின் சர்ரென்று சீட்டைத் துப்பியது.

அவள் கண்ணாடி ஓட்டை வழியாக நீட்டினாள். மீசை பிடுங்கிக்கொண்டான்.

“ஒரு நிமிஷ வேலை. இதைக் காலையிலேயே பண்ணியிருந்தா என்ன கேடு? நாசமாப் போறவளே.”

லாரி உறுமிக்கொண்டு கொட்டகைக்குப் போனது. அடுத்தது ஏறியது. முதலாளியின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து வாசற்படிக் கோழிகள்மேல் ஏறாமல் ஓரமாக நின்றது. அவர் இறங்கி, வேட்டைக்கு வந்தவர் மாதிரி கோழிகளைக் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“யாரு?”

அவ்வளவுதான் கேட்டார்.

மாப்பிள்ளை கை கழுவியிருந்தார். கழுத்து அட்டையை நேராக்கிவிட்டிருந்தார். “நேத்து இவ ஏதோ புதுசா ஏத்தியிருக்கா சார். என்கிட்ட சொல்லல. காலையிலேருந்து மிஷினை விட்டு எழுந்திரிக்கவே இல்ல, நான் பாக்கறேன்னாலும் விடல. இவங்கப்பாவைக் கேளுங்க. கடைசியில நான்தான் கண்டுபிடிச்சு ஓட விட்டேன்.”

யோசித்துப் பேசு என்று சொன்னதற்கு அவள் பதிலே சொல்லியிருக்கவில்லை. அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

“அவ இல்ல,” என்றார் கிழவர்.

முதலாளி திரும்பினார். “என்ன ஹாரன்?”

“அவ இல்லைங்க. நான் இங்கதான் இருந்தேன். அது வேற ஒரு... வேற வீட்டுல ஓடிட்டு இருந்துச்சு. டி-யில.”

“டீயிலயா?” முதலாளி சிரித்துவிட்டார். கூட வந்தவனும் சிரித்தான். “மவுஸுக்கு வால் எந்தப் பக்கம்னு தெரியுமாய்யா உனக்கு? பொண்ணைக் காப்பாத்தணும்னா வேற பொய்யாச் சொல்லு. மாப்பிள்ளை சோத்தைத் தின்னுட்டு அவனையே காட்டிக் கொடுக்கறியா?”

“நான் என்ன சொல்றேன்னா...”

“அப்பா, சும்மா இருங்க.” மகள் எழுந்து நின்றாள். அவ்வளவு நேரம் எழுந்திரிக்காதவள். “நான்தான் சார். நேத்து மாத்தினது நான்தான்.”

“செத்த கோழியை எல்லாம் நீயே அள்ளிக் குழியில போட்டுட்டு வீட்டுக்குப் போ,” என்றார் முதலாளி. கோபம்கூட இல்லை குரலில். “நாளைக்கு வர வேணாம். தம்பி, நீ உக்காருப்பா. ஒரே ஆள் போதும்னு நான் எப்பவோ நினைச்சேன்.”

மாப்பிள்ளை உட்கார்ந்தார். நாற்காலி இன்னும் ஈரமாக இருந்திருக்கும். ஒரு பேப்பரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மகள் கோழிகளை இரண்டு கையிலும் கால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் பின்னால் இருந்த குழிக்கு நடந்தாள். போய்ப் போய் வந்தாள். டிரைவர்கள் வரிசையில் இருந்தபடியே பார்த்தார்கள். படம் பிடித்தவன் இப்போது பிடிக்கவில்லை, அவன் வண்டி நகரும் முறை வந்துவிட்டது. கிழவரும் குனிந்து இரண்டை எடுத்தார். “விடுங்கப்பா, உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்,” என்று வாங்கிக்கொண்டாள்.

கடைசி நடை முடிந்து குழாயடியில் கை கழுவும்போது சொன்னாள்: “அவருக்குத் தெரிஞ்சிருக்காதுப்பா. ஏத்தி வச்சுட்டு மறந்திருப்பாரு. கரண்ட் போய் வந்ததுலதான் அப்படி ஆச்சு.”

“டி-யில ஒண்ணும் இல்லன்னாரு.”

“பதட்டத்துல சொல்லியிருப்பாரு.”

“சாப்பிடப் போன்னாரு. அஞ்சு நிமிஷம் நான் பாக்கறேன்னாரு. அக்கறையாச் சொல்றாருன்னு நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.”

அவள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நகக்கண்ணில் ஒட்டிய இறகுத் துணுக்கு போகவில்லை. “ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும்னா நான் போறதுதானே சரி? ஒரே வீடுதானேப்பா. சம்பளம் அவர் கையில வந்தா என்ன, என் கையில வந்தா என்ன? அவரும் இனிமே ஒழுங்கா இருப்பாரு. நான் வீட்டுல இருந்து உங்களுக்கு நேரத்துக்குச் சமைச்சுப் போடுவேன். நீங்க இந்த வெயில்ல தூக்கைத் தூக்கிட்டு வர வேணாம்.”

“அவருக்குச் சாப்பாடு யாரு கொண்டு வருவா?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை. “நீங்கதான்,” என்றாள், குழாயை மூடிக்கொண்டே.

கிழவர் எடுத்துவந்து வைத்த தூக்கு அவள் காலடியில் இருந்தது. கிழவர் எடுத்துத் திறந்து பார்த்தார். அவள் பங்கு ரொட்டி அப்படியே இருந்தது. முட்டை இரண்டும் இல்லை.

“தெரியாமத்தான் செஞ்சிருப்பாரு,” என்றாள் மறுபடியும். “நீங்க வீட்டுல இதைப் பத்திப் பேசக் கூடாது. சரின்னு சொல்லுங்கப்பா. சரிதானே?”

கிழவர் தூக்கை மூடி எடுத்துக்கொண்டு நடந்தார். குறுக்கு வழி எடைமேடை மேலாகத்தான். அவர் பாதி போகும்போது கண்ணாடி அறை ஒலிபெருக்கி கரகரத்தது. “மாமா, மேடையை விட்டு இறங்குங்க. லாரி ஏறணும்.” பின்னால் ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ‘பதட்டத்துலயாம்,’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ‘பதட்டத்துல இருக்கிறவன் முட்டையை உரிச்சா தின்பான், அதுவும் ரெண்டை.’ மேடையின் மறுபக்கம் இறங்கி, காறித் துப்பிவிட்டு, வெயிலில் வீட்டுப் பக்கம் நடந்தார்.